மஞ்சள் வளையக் கோழிகள்

இன்று காலை கால் வளையங்கள் வந்து சேர்ந்தன. கோழியின் காலில் மாட்டும் பிளாஸ்டிக் வளையம்தான், உனக்குத் தெரியாததா? நம் ஆய்வக ஸ்டோரில் இருப்பவர் பழைய வழக்கப்படி சிவப்பில் ஒரு பாக்கெட், மஞ்சளில் ஒரு பாக்கெட் என்று எழுதி அனுப்பியிருக்கிறார். மஞ்சள் பாக்கெட்டைப் பிரித்தேன். அதை அப்படியே மடித்துக் கடைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, நீலம் கொடுங்கள் என்று போனில் சொன்னேன்.

"ஏனுங்க மேடம், எப்பவும் மஞ்சத்தானுங்களே வாங்குவீங்க? அதுல என்னங்க கொறை?" என்றார் கடைக்காரர்.

வளையத்தில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். குறை எங்கே என்று உன்னிடம்தான் சொல்ல வேண்டும். நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இருந்தாலும் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

நாம் இருவரும் ஒரே நாளில்தான் இந்த ஆய்வகத்தில் சேர்ந்தோம். நீ சேலத்துக்காரி. நான் வெண்ணந்தூரில் தறிச் சத்தத்தில் வளர்ந்தவள். என் பேச்சு உனக்குச் சிரிப்பாக இருந்தது. "கோழிக்குக்கூட ‘ங்க’ போடுறவ நீ ஒருத்திதான் அம்மணி" என்பாய். ஒருமுறை ரத்தம் எடுக்கும்போது நான் நிஜமாகவே ஒரு கோழியிடம், "செத்த நேரம் அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டேன். அதை நீ ஆய்வகம் முழுக்கச் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கில் ஓட்டினாய். ‘அம்மணி’ என்ற சொல்லை எங்கள் பக்கத்திலிருந்து எடுத்து என்னையே கூப்பிட்டாய். அதற்கு முன்னும் பின்னும் அந்தச் சொல்லில் யாரும் என்னை அவ்வளவு உரிமையாகக் கூப்பிட்டதில்லை.

நம் வேலை என்ன என்பதை ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன், எனக்காகத்தான். கோழிக்கு முகம் வீங்கி, மூக்கில் சளி ஒழுகி, கிட்டே போனால் அழுகல் நாற்றம் அடிக்கும் நோய் ஒன்று. ஒரு பாக்டீரியாவால் வருவது. கோழி அதிகம் சாகாது, முட்டைதான் நின்றுபோகும். நாமக்கல்லில் முட்டை நின்றால் என்ன ஆகும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கடையில் கிடைத்த தடுப்பூசி நம் பக்கத்துக் கிருமிக்குச் சரியாகப் பொருந்தவில்லை. அதனால் நம் பண்ணைகளிலிருந்தே கிருமியை எடுத்து, வளர்த்து, கொன்று, எண்ணெயில் கலந்து ஒரு தடுப்பூசி செய்தேன். செத்த கிருமியைக் கோழியின் உடம்பு பார்த்து வைத்துக்கொள்ளும். உயிருள்ளது வரும்போது அடையாளம் கண்டு எதிர்த்து நிற்கும். அதற்கு எனக்கு ஐந்து வருடம் பிடித்தது. பெற்ற பிள்ளையைப் போல என்று சொல்லமாட்டேன், பிள்ளைகளை நான் அவ்வளவு கவனிக்கவில்லை.

பண்ணையில் சோதித்துப் பார்க்கும் நேரம் வந்தபோது நாம் ஒரு விதி வைத்தோம். மருந்து செய்தவள் முடிவைப் பார்க்கக் கூடாது. செய்தவளுக்குத் தன் சரக்கின் மேல் ஆசை இருக்கும். இல்லாததையும் கண் இருப்பதாகக் காட்டும். ஆகவே தயாரிப்பது நான், பாட்டிலில் நிரப்பி ஊசி போடுவதும் ரத்தத்தைச் சோதித்து எழுதுவதும் நீ. பாதிக் கோழிகளுக்குச் சிவப்பு வளையம், அவற்றுக்கு மருந்து. மீதிப் பாதிக்கு மஞ்சள் வளையம், அவற்றுக்கு வெறும் எண்ணெய். என்னை நம்பாமல்தான் உன்னை நம்பினேன்.

புதுச்சத்திரம் பக்கம் பாவாயி அக்காவின் பண்ணை. வீட்டுக்காரர் லாரியில் போனால் மாதக் கணக்கில் வரமாட்டார், பண்ணை முழுக்க அக்கா பாடுதான். அதற்கு முந்தைய வருடம் இதே நோயில் அடிபட்டு எழுந்தவர். நாம் எல்லாவற்றையும் விளக்கினோம், அவரும் சம்மதித்தார். கையெழுத்துப் போட்ட பிறகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"ஏஞ் சாமி, பாதிக் கோழிக்கு மருந்து, பாதிக்கு வெறும் எண்ணெய்ங்கறீங்க. அந்தப் பாதி என்னங்க பாவம் பண்ணுச்சு?"

நான் சிரித்தேன். "கொஞ்சம் பொறுத்துக்கங்கக்கா. சீக்கு கண்டா அன்னைக்கே பிரிச்சு மருந்து குடுத்துருவோம். முட்டை நட்டத்தையும் ஆய்வகம் பாத்துக்கும்" என்றேன். திரும்பும் வழியில் நெடுஞ்சாலை டீக்கடையில் உன் டீ ஆறிப் பாலாடை கட்டியது. "நமக்கு அது நம்பர் அம்மணி. அவங்களுக்கு அதுதான் வீடு" என்றாய். மனசு இளகியவள் என்று உன்னைப் பற்றிப் பெருமையாக நினைத்துக்கொண்டேன். என்ன மக்கு நான்!

அந்தப் பருவத்தில் நோய் வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க அடித்தது. பாவாயி அக்காவின் கொட்டகையிலும் சில கோழிகளுக்கு முகம் வீங்கியது. சிவப்பில் எத்தனையோ கிட்டத்தட்ட அத்தனையே மஞ்சளிலும். நீ எழுதிய ரத்தச் சோதனையில் சிவப்புக் கோழிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்திருந்தது, மஞ்சளுக்கு இல்லை. ஆனால் இரண்டும் ஒரே மாதிரிதான் நோயைத் தாங்கின. அப்படியானால் அந்த எதிர்ப்புச் சக்தியால் என்ன பயன்? முடிவை ஆராய உட்கார்ந்த ஆய்வகக் குழு அதைத்தான் கேட்டது. பக்கத்துப் பண்ணைகளில் அப்படி அடித்ததே, இங்கே மட்டும் எப்படித் தப்பியது என்று நான் கேட்டேன். அது பராமரிப்பு வித்தியாசம் என்றார்கள். நீ என் பக்கத்து நாற்காலியில் குனிந்து உட்கார்ந்து பேனா மூடியைத் திருகித் திருகி எடுத்துக்கொண்டிருந்தாய்.

மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதி மூடிவிட்டார்கள். என்னைத் தீவனமும் தண்ணீரும் சோதிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். மறுநாள் நீ சேலத்திலிருந்து தட்டுவடை செட் கட்டிக்கொண்டு வந்தாய். நான் சாப்பிடாமல் அழுதேன். "விடு அம்மணி, கிருமி நம்ம பேச்சைக் கேக்குமா? நீ செஞ்சது தப்பில்ல, அதுக்கு விளங்கல, அவ்வளவுதான்" என்று சொல்லி நீயே ஊட்டிவிட்டாய். நான்கு வருடம் நான் என்னைக் கையாலாகாதவள் என்று நம்பிக்கொண்டு திரிந்தேன். நான்கு வருடமும் நீ எனக்கு ஆறுதல் சொன்னாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. ஆறு மாதம் படுத்திருந்தாய். ஒரு ஞாயிறு தவறாமல் வந்தேன். தலை வாரிவிட்டேன், கஞ்சி கொடுத்தேன், அலுவலகத்துக் கதையெல்லாம் பேசினோம். நேரம் இல்லாமல் போய்விட்டது என்று நீ சொல்லவே முடியாது.

நீ போன பிறகு ஒரு நாள், புதிதாக வந்த சோதனைத் திரவம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவேண்டியிருந்தது. அதற்கு எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாத ரத்த நீர் வேண்டும். பிரீசரைத் துழாவினேன். இனிப்புக் கடை டப்பா ஒன்றில் சின்னக் குழாய்கள், மேலே உன் கையெழுத்தில் "மஞ்சள், இரண்டாம் ஊசிக்குப் பின், நோய்க்கு முன்". இதைவிட நல்லது கிடைக்காது என்று எடுத்துக்கொண்டேன். உன் கையெழுத்து, அதனால் யோசிக்கவில்லை. கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு ரத்த நீர், ஒரு சொட்டு திரவம். கலக்கினேன். பால் திரிந்த மாதிரி கட்டிகட்டியாகத் திரண்டது. எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் அப்படித் திரளும்.

திரவம் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஊசியே போடாத கோழிக்குஞ்சின் ரத்தத்தை வைத்துப் பார்த்தேன், தெளிவாக நின்றது. டப்பாவில் இருந்த இன்னொரு குழாயை எடுத்தேன், திரண்டது. இன்னொன்று, அதுவும். டப்பா காலியாகும்வரை பார்த்தேன். வெறும் எண்ணெய் போட்ட கோழி ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாமே என் மருந்தைப் பார்த்த கோழிகள். பதிவேட்டில் அத்தனைக்கும் நேராக ‘இல்லை’, ‘இல்லை’ என்று உன் முத்து முத்தான எழுத்து.

மறுநாளே பாவாயி அக்காவைப் பார்க்கப் போனேன். தீவனம் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். "ஊசி போட்ட அன்னைக்கே அந்தம்மா எங்காதுல சொல்லிட்டாங்களே. ரெண்டு பாட்டில்லயும் ஒரே மருந்துதானுங்கக்கா, பயப்படாதீங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு. உங்களுக்குந் தெரியும்னுல்ல நானிருந்தேன்!" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடையைக் கீழே வைத்தார். "ஊரே மொகம் வீங்கி நின்னப்ப என்ற கோழி நின்னு முட்டை போட்டுச்சுங்க. உங்க மருந்துதானுங்க சாமி காப்பாத்துச்சு. இதைக் கேட்டு நீங்க சந்தோசந்தானே படோணும், ஏனுங்க அழுகறீங்க?"

என் மருந்து வேலை செய்கிறது என்பது அந்தக் கொட்டகைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் தெரியாது. இதை எப்படி மன்னிப்பது என்று நீயே சொல்.

இரக்கப்பட்டு ஊசி போட்டாய், சரி. அன்று சாயங்காலமே என்னிடம் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன், இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன், வேறு பண்ணை தேடியிருப்போம். நீயோ உட்கார்ந்து ‘இல்லை’ என்று வரிசையாக எழுதினாய். ஒரு ‘இல்லை’ எழுதும்போதாவது என் முகம் நினைவுக்கு வரவில்லையா? பாவாயி அக்காவின் கோழிக்கு இருந்த இடம் உன் மனதில் எனக்கு இல்லையே என்பதுதான் எனக்கு ஆறவில்லை. மாதம் ஒருமுறை மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வருவாய். "சாமியார்கிட்டச் சொல்லிட்டா பாரம் எறங்கிரும்" என்பாய். இதையும் சொன்னாயா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருந்தால், நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டிருக்கிறார். அந்த டப்பாவை ஏன் தூக்கி எறியாமல் வைத்திருந்தாய் என்பதும் தெரியாது. மறந்தாயா, என் கையில் சிக்கட்டும் என்று விட்டாயா? சிக்கட்டும் என்று விட்டிருந்தால் அதற்கும் சேர்த்துக் கோபம்தான் வருகிறது.

மருந்தை மீட்க ஒரே வழிதான் இருந்தது. பழைய சோதனை பொய் என்று குழுவுக்கு எழுத வேண்டும். உன் பெயர் இல்லாமல் அதை எழுத முடியாது. உன் வீட்டுக்காரரிடம் முதலில் போய்ச் சொன்னேன். உன் படத்தைப் பார்த்தபடி, "அவ பேர் வராம எழுத முடியாதாங்க? பொண்ணுக்கு அம்மான்னா உசுரு" என்றார். மூன்று நாள் பேனாவைத் தொடவில்லை. நான்காம் நாள் எழுதினேன், உன் பெயரோடு. ‘இரக்கத்தால் செய்திருக்கிறார்’ என்று ஒரு வரி சேர்த்தேன். பிறகு அடித்தேன். கண்ணால் பார்த்ததைத்தான் அறிக்கையில் எழுத வேண்டும் என்று நாமிருவரும் பேசி வைத்திருந்தோம். உன் இரக்கத்தை நான் பார்க்கவில்லை, கேள்விதான் பட்டேன். உன் வருட நினைவுப் பூசைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நானாகவும் போகவில்லை.

இப்போது மறுபடியும் சோதனை நடக்கிறது. முதல் பண்ணையில் மருந்து போட்ட கோழிகள் நிற்கின்றன, போடாதவற்றுக்கு முகம் வீங்கியது, பிரித்து மருந்து கொடுத்தோம். அந்தப் பண்ணைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நின்று வாங்கிக்கொண்டேன். நீ தாங்கமாட்டாமல் தவிர்த்த பார்வை அதுதான். ஆமாம், கஷ்டமாகத்தான் இருந்தது. தாங்க முடிகிறது.

உன் இடத்துக்கு வந்திருப்பவர் என் வயதுக்காரர், ராசிபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். நேர்மையான மனிதர், கை சுத்தம், எழுத்தும் சுத்தம். செய்தவள் பார்க்கக் கூடாது என்ற விதி இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது. மத்தியானம் அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனதும், நான் கதவைச் சாத்திவிட்டு அவர் சோதித்து வைத்த குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பச் சோதிக்கிறேன். எல்லாம் அவர் எழுதியபடியே இருக்கின்றன. ஒன்றுகூடத் தப்பில்லை. தட்டைக் கழுவித் துடைத்து, இருந்த இடத்தில் இருந்தபடியே வைக்கிறேன். நீ சாகும்வரை யாருக்கும் தெரியாமல் எதையும் செய்து பழக்கமில்லாதவள் நான்.

அவர் கை துடைத்துக்கொண்டே உள்ளே வருகிறார். "சாப்டீங்களா மேடம்?" என்று கேட்கிறார்.

"ஆச்சுங்க" என்கிறேன்.