விரல் விழுந்த வசனம்

ஜூன் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். பெட்டியின் கைப்பிடிதான் வழியில் உயிரை விட்டது. வேதாகமக் கல்லூரி விடுதி அறையில் மூன்று கட்டில், ஒரு மின்விசிறி. அது ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு லிஃப்ட் மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? ஏறி முடுக்கிவிட்டேன். இப்போது எல்லோரும் என்னை ‘ஸ்பேனர் பாஸ்டர்’ என்று கூப்பிடுகிறார்கள்.

வேதத்தை முறையாக விளக்குவது எப்படி என்பதுதான் முதல் பாடம். ஆசிரியை கறாரானவர். ஆளுக்கொரு பிடித்த வசனத்தைப் பலகையில் எழுதச் சொன்னார். போட்டி போட்டு எழுதினோம். பிறகு ஒவ்வொருவரையும் எழுப்பி, அதற்கு முந்தின வசனம் என்ன என்று கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. “யார் பேசுறாங்க, யார்கிட்ட, எந்த நேரத்துல, எதுக்காக? இது தெரியாம எனக்குத்தான்னு எடுத்து வெச்சுக்காதீங்க,” என்றார்.

நான் எழுதியது எது என்று உனக்குத் தெரியும். தேசத்தையும் இனத்தையும் தகப்பன் வீட்டையும் விட்டுப் புறப்படு என்று ஆபிரகாமுக்குச் சொன்னது. நம் வீட்டு வழக்கப்படி கண்ணை மூடி வேதத்தைத் திறந்து விரலை வைத்தபோது எனக்குக் கிடைத்த வசனம் அது. அதை நம்பித்தானே வேலையை விட்டு வந்தேன். அந்த வகுப்பு முடிந்ததிலிருந்து மனசு ஓரிடத்தில் நிற்கவில்லை.

அப்பா உன் வீட்டில் ஒத்துப்போகிறாரா? அவருக்குக் காது கேட்கவில்லை என்று நீ கத்துவாய், நீ கத்துகிறாய் என்று அவர் கோபிப்பார். அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி


ஜூன் 19

என் அன்பு நண்டுக்கு,

சின்ன வயதிலிருந்தே ஓரிடத்தில் இருக்கமாட்டாய், இப்போது மட்டும் மனசு நிற்குமா? அப்பா நன்றாக இருக்கிறார். டிவி சத்தத்தில் நாங்கள்தான் நன்றாக இல்லை. நான் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற டிரைவிங் ஸ்கூலில் புதிதாகச் சேர்ந்த ஒரு மேடம், பிரேக் என்று நான் அலறினால் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் காதைப் பொத்திக்கொள்கிறார். என் ஆயுசு கெட்டிதான்.

அதைப் பற்றித்தான் எழுத வேண்டும். பதறாதே. மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு நல்லதாக வரவில்லை. உடனே ஆபரேஷன் செய்து எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். நான் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலம் தனியாக உட்கார்ந்து வேதத்தைத் திறந்தேன். ஏசாயாவில், வியாதியாகக் கிடந்த எசேக்கியா ராஜாவுக்கு ஆயுசில் பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகக் கர்த்தர் சொல்கிற இடம். இதைவிட என்ன வேண்டும்? பதினைந்து வருஷத்தில் சின்ன மகளைக் கரையேற்றிவிடுவேன்.

ஆகவே ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். உன் அத்தான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குப் பயம் வந்தால் வீட்டில் எதையாவது கழற்றி மாட்டுவார் அல்லவா, இப்போது ஒரு குழாய்கூட ஒழுகவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. நீயாவது ஜெபம் பண்ணு, சந்தோஷப்படு.

உன் அக்கா


ஜூன் 24

அக்கா,

எப்படிச் சந்தோஷப்படச் சொல்கிறாய்? ஞாயிற்றுக்கிழமை போனில் பேச்சை எடுத்ததுமே, ஸ்கூல் வண்டி வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை என்ன ஸ்கூல் வண்டி? அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அதிகாரத்தை எடுத்துவைத்துக்கொள். யார் பேசுகிறார்? கர்த்தர், தீர்க்கதரிசியின் வாயால். யாரிடம்? ஒரு ராஜாவிடம். எந்த நேரத்தில்? பகைவர் படை ஊரைச் சுற்றி நெருக்கிய காலத்தில். அந்த ராஜாவுக்கு, அந்த வியாதியில், அந்த ஒரு தடவை சொன்னது அது. நடந்ததைச் சொல்கிற பகுதி, ஊருக்கெல்லாம் பொதுவாகக் கொடுத்த வாக்கு அல்ல. அன்று அதைக் கேட்டவர்களுக்கு இல்லாத ஒரு அர்த்தம் இன்று நமக்காக மட்டும் புதிதாக முளைக்காது.

அதிகாரத்தின் கடைசியைப் படித்தாயா? பதினைந்து வருஷம் என்று சொன்ன அதே தீர்க்கதரிசிதான், அத்திப்பழ அடையை எடுத்து ராஜாவின் கட்டியின்மேல் பற்றுப் போடச் சொல்கிறார். வாக்கும் உண்டு, மருந்தும் உண்டு. நீ பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விட்டுவிட்டாய். இதோடு ஆறு பக்கம் குறிப்பு வைத்திருக்கிறேன், ராஜாவின் காலம், படையெடுப்பு எல்லாம் வரிசையாக எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் படி. படித்ததும் மருத்துவமனைக்குப் போ.

தம்பி


ஜூலை 5

அக்கா,

பதில் இல்லை. போனை எடுத்து அத்தான், “அவ தூங்குறா,” என்கிறார். பகலில் உட்காரக்கூட மாட்டாத நீ, தூங்குகிறாயாம். கோபம் என்றால் திட்டியாவது எழுது. வகுப்பில் ஒரு வார்த்தை ஏறவில்லை.

தம்பி


ஜூலை 9

கர்த்தருக்குள் பெரிய மேதையான தம்பிக்கு,

திட்டத்தான் எழுதுகிறேன். ஆறு பக்கத்தையும் படித்தேன். எந்த ராஜா எந்தப் பக்கமிருந்து படையெடுத்தான், அத்திப்பழத்தை எப்படி அடையாக்குவார்கள், எல்லாம் இருக்கிறது. உனக்கு வலிக்கிறதா அக்கா என்று ஒரு வரி இல்லை. ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போனதற்கே இப்படி என்றால், படிப்பை முடித்துவிட்டு வந்தால் என் சாவுக்கும் அடிக்குறிப்பு எழுதுவாய்.

ஒன்று கேட்கிறேன். என் வசனம் ராஜாவுக்குச் சொன்னது, எனக்கில்லை. சரி. உன் வசனம்? அது ஆபிரகாமுக்குச் சொன்னதுதானே? அவர் ஒட்டகங்களோடு போனார், நீ கைப்பிடி இல்லாத பெட்டியோடு போனாய். தகப்பன் வீட்டை விட்டுப் போ என்றதும் கிளம்பிவிட்டாய். அந்தத் தகப்பனை யார் பார்த்துக்கொள்வது என்று உன் வசனத்தில் இல்லையே, நண்டு. நான் பார்த்துக்கொள்கிறேன், அது எனக்குப் பாரமில்லை. ஆனால் விரல் உனக்கு மட்டும் கர்த்தருடைய சத்தம், எனக்கு என்றால் அறியாமையா?

உன் வசனத்தை நீ கீழே வை. அப்புறம் என் வசனத்தைப் பிடுங்க வா.

உன் அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்கா,

வலிக்கிறதா? இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். வெறும் பயம், அக்கா. உன்னை இழந்துவிடுவேனோ என்ற பயத்தை ஆறு பக்கக் குறிப்பாக எழுதியிருக்கிறேன். மன்னித்துவிடு.

நீ கேட்டது இந்த ஒரு வாரமாக என்னைத் தூங்கவிடவில்லை. மற்ற மாணவர்கள் வெளியே விளையாடும்போது நான் வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் ஆசிரியையிடமே போய்ச் சொன்னேன். வீட்டில் யாருக்கும் சொல்லாததை உனக்கும் சொல்கிறேன். அன்று லிஃப்ட் மோட்டார் அறையில் நான் விரல் வைத்தது ஒரு தடவை அல்ல. முதல் தடவை வம்ச அட்டவணை, வெறும் பெயர்கள். அடுத்த தடவை கூடாரத் திரைகளின் நீள அகலம். அதற்கடுத்துத்தான் ஆபிரகாம் வந்தார். மேலதிகாரியோடு சண்டை, வேலை அலுத்துவிட்டது, கிளம்ப வேண்டும் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். ஆமாம் என்று சொல்கிற வசனம் வரும்வரை புரட்டினேன்.

அது எனக்குச் சொன்னது இல்லை, அக்கா. கீழே வைத்துவிட்டேன்.

“அப்போ நான் இங்க இருக்கலாமா, போயிடணுமா?” என்று ஆசிரியையிடம் கேட்டேன். “படிக்கணும்னு ஆசையா இருந்தா இருங்க. அதை உங்க முடிவுன்னு சொல்லிக்கோங்க, ஆபிரகாம் தலையில போடாதீங்க,” என்றார். வெட்கமாகவும் இருந்தது, லேசாகவும் இருந்தது. இருப்பதா போவதா என்று இன்னும் தெரியவில்லை. அப்பாவைப் பற்றி நீ எழுதியது நியாயம், அதை நேரில் பேசுவோம்.

உன் வசனத்தை நான் பிடுங்கமாட்டேன். அந்த அதிகாரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே ஒரு தடவை படி. எதையும் தேடாமல், கதையாகப் படி.

உன் நண்டு


ஜூலை 27

என் அன்புத் தம்பிக்கு,

வலி இருக்கிறது. கியர் போடும்போது தோள்வரை இழுக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

நீ சொன்னபடி படித்தேன். அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில் நான் அழுதது யாருக்கும் கேட்கவில்லை. நடுவில் அந்த ராஜா தன் கைப்பட எழுதியது வருகிறது. பறவை மாதிரிக் கூவினேன், புறா மாதிரிப் புலம்பினேன், விடியும்வரை என் எலும்புகளை நொறுக்கினாற்போல் இருந்தது என்கிறார். உன் ஆறு பக்கத்தில் அது இல்லை. நீயும் உனக்கு வேண்டிய அத்திப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டாய். போகட்டும், உன்னைத் திட்டித் திட்டி எனக்கே சலித்துவிட்டது.

திங்கட்கிழமை ஆபரேஷன். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏன் இவ்வளவு நாள் தாமதம் என்று டாக்டரம்மா கடிந்துகொண்டார். திறந்து பார்த்தபிறகுதான் எதையும் சொல்ல முடியுமாம். உன் அத்தான் அங்கே காத்திருக்கிற இடத்தின் நாற்காலியைத் திருப்பிப்போட்டு திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், அப்புறம்தான் பேசினார்.

நீ உன் மூன்று தடவையைச் சொன்னாய். நானும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் என் விரல் பதினைந்து வருஷத்தின்மேல் விழவில்லை. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தின்மேல் விழுந்தது. உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய் என்று தீர்க்கதரிசி வந்து சொல்கிற இடம். நான்தான் விரலைக் கீழே, கீழே நகர்த்தினேன். பதினைந்து வருஷம் வந்ததும் நிறுத்தினேன். அதை விட்டால் என்னிடம் மிஞ்சியிருப்பது முதல் வசனம்தான். நீ பிடுங்க வந்தபோது அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

இப்போது விட்டுவிட்டேன். ஆனால் ஒன்றே ஒன்று. பதினைந்து வருஷம் ராஜாவுக்குச் சொன்னது, எனக்கில்லை என்றால், அந்த முதல் வசனமும் அவருக்குச் சொன்னதுதானே? எனக்கில்லையே?

திங்கட்கிழமை என்னை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் வந்து, இதை உன் வாயால் சொல்.

உன் அக்கா