ஒன்பது நாள் கிணற்று அளவு

ஆகஸ்ட் 4, திங்கள்
விடிந்ததிலிருந்து ஆடிக்காற்று. வாசல் முழுக்க வேப்பஞ்சருகு. பக்கத்துத் தோட்டத்துப் பாண்டியம்மாள் கிணறு: 43½ அடியில் தண்ணீர். நோட்டில் பதிந்தாயிற்று. வேலையில் இருந்தபோது அரசுக்காக அளந்தேன். ஓய்வுக்குப் பின் வெறும் பழக்கம்.
டி.வி.யில் அமைச்சர். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பியிருக்கிறார். நம் கன்னிவாடி அடிவாரத்தில் கனிமச் சுரங்கம், நாட்டுக்கே பெருமையாம். தண்ணீருக்குக் கேடில்லை என்று உறுதியானால்தான் அந்தக் கம்பெனி பணம் போடும். வெள்ளியன்று திண்டுக்கல்லில் கருத்துக் கேட்புக் கூட்டம்.
வாங்க: மூட்டுவலித் தைலம், பேனா ரீஃபில்.

ஆக. 5
பாண்டியம்மாள் வந்தாள். இரண்டு ஏக்கர், ஒரே கிணறு. மே மாதம் கம்பெனி சோதனைக்கு ஆழ்துளை போட்டு நீரை இறைத்தபோது அவள் கிணற்றுத் தண்ணீர் முப்பதடியிலிருந்து 43½-க்கு இறங்கியது. இன்னும் ஏறவில்லை.
"நாங்க கத்துனா பொய்யிம்பாங்கண்ணே. உங்க நோட்டு பேசட்டும். கூட்டத்துக்கு வாரீகள்ல?"
தலையாட்டிவிட்டேன்.

ஆக. 6
தூக்கமில்லை. மே மாதம் நீர் இறங்கிய சமயம் ஒன்பது நாள் நான் ஊரிலேயே இல்லை. முழங்கால் வலி, மகள் வீட்டில் படுக்கை. திரும்பி வந்து அளந்துவிட்டு, விடுபட்டதை நாளுக்கு ஒன்றரை அடி வீதம் நிரப்பினேன். நோட்டில் வெற்றுக் கட்டம் இருந்தால் எனக்குப் பொறுக்காது. புத்திகெட்ட வேலை.
மாலை, ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர். "எதுக்குய்யா இந்த வயசுல மைக்கு முன்னாடி நின்னுக்கிட்டு? நோட்டக் குடுங்க, அமைச்சரு கையிலயே சேத்துர்றேன்."
கொடுக்கவில்லை. மறுக்கவுமில்லை. யோசிப்பதாகச் சொன்னேன்.

ஆக. 7
அளக்காமல் நிரப்பியதைப் பாண்டியம்மாளிடம் சொல்லிவிட்டேன். சிரித்தாள்.
"நீங்க அப்ப அளக்க வராட்டி என்ன? மாட்டுக்கு நாந்தான தண்ணி எறைச்சேன். கயிறு எட்டல, ஒட்டுப் போட்டேன். மூணு நாளு, மூணு முடிச்சு."
டேப் வைத்துப் பார்த்தேன். ஒட்டு மூன்றும் சேர்த்து ஏறக்குறைய பதினான்கு அடி. கம்பெனி மோட்டார் ஓடியதும் அதே மூன்று நாள். நான் அதை ஒன்பது நாளுக்குப் பரப்பி மறைத்திருக்கிறேன்!
பேச வேண்டியது: 1. என் தவறு. 2. கயிறு. 3. மோட்டார்.
"கயித்த முதல்ல சொல்லுங்கண்ணே."
முறை என்று ஒன்று இருக்கிறதே.

ஆக. 8
மேடையில் அமைச்சர், கலெக்டர், வெளிநாட்டுக்காரர் இருவர். "நாம தயங்குனா முதலீடு பக்கத்து மாநிலத்துக்குப் போயிரும்," என்றார் அமைச்சர்.
என் முறை. நோட்டைப் பிரித்தேன். "இதில் ஒன்பது நாள் நான் அளந்ததல்ல" என்று ஆரம்பித்தேன்.
அமைச்சர் எழுந்துவிட்டார். "பாத்தீங்களா, பெரியவரு எம்புட்டு நேர்மையா ஒத்துக்கிட்டாரு! இதுதான் இவங்க ஆதாரம். நன்றிய்யா."
கைதட்டல். மைக் அடுத்தவர் கைக்குப் போயிற்று. "கயிறு" என்றேன். எனக்கே கேட்கவில்லை.
"இந்தா இருக்குய்யா கயிறு!" பின்னால் பாண்டியம்மாள். போலீஸ்காரர் உட்கார வைத்தார்.
பஸ்ஸில் கயிற்றை மடியில் வைத்திருந்தாள். திட்டவில்லை. இறங்கும்போது, "பாத்துண்ணே, படில வேட்டி தட்டும்."

ஆக. 9
பேப்பரில்: 'நீர் அளவு போலி, முதியவர் ஒப்புதல்'.
காற்று அடங்கவில்லை. கிணற்றுக்குப் போகவில்லை. அவள் முகத்தில் விழிக்கத் தைரியமில்லை.
இன்றைய கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.