உனக்குக் கிடைக்காத டப்பா

நேற்று சாயங்காலம் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது. வாட்ஸப் சத்தம் இல்லை. டப்பா விளையாட்டுக்கென்று நீ தனியாக வைத்துக்கொடுத்தாயே, சைக்கிள் மணிச் சத்தம், அது. அதைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. புளிக்கையோடு ஹாலுக்கு ஓடினேன். ஒரு நொடி நீதான் என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதே, நிஜமாகவே நினைத்தேன்.

யாரோ பெங்களூர்க்காரர். நான் இந்த ஊரில் ஒளித்து வைத்த டப்பாவைக் கண்டுபிடித்துவிட்டாராம். அதோடு விட்டிருக்கலாம். “விருத்தாசலத்தில் ரயில் மாற வேண்டியிருந்தது. கையில் கொஞ்ச நேரம் இருந்தது. நேராகப் போனேன், கல் இடுக்கில் கையை விட்டேன், எடுத்துவிட்டேன். இவ்வளவு சுலபமான டப்பாவை ஒரே ஆள் எப்படி இத்தனை தடவை கோட்டை விட்டார்? யாராவது அவருக்கு நல்ல கண்ணாடி வாங்கிக் கொடுங்கள்” என்று எழுதி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மை இரண்டு போட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபத்தில் புளித்தண்ணீர் போன் முழுக்க ஆகிவிட்டது. உன்னைப் போய்க் கண் தெரியாதவள் என்று ஒருவன் சொல்கிறான். செயலியில் அந்த டப்பாவின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். மேலே புதிதாக ஒரு மஞ்சள் சிரிப்பு முகம். அதற்குக் கீழே வரிசையாக நீல நிறச் சோக முகங்கள், எல்லாவற்றிலும் உன் பெயர், எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை: கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை, கிடைக்கவில்லை. பார்க்கிறவர் சிரிக்கத்தான் செய்வார்.

இந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர் இருக்கிறது என்பதே நமக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ராயபுரத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து நீ வெளியே வரும்போது, பிலிப்பைன்ஸ் கப்பல்காரர் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு கோயில் மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தாராம். வழி தவறிவிட்டார் என்று நினைத்து உதவப் போனாய். அவர் மதில் ஓரத்துப் பைப்புக்குப் பின்னாலிருந்து விரல் அளவு டப்பா ஒன்றை எடுத்து, அதிலிருந்த காகிதச் சுருளில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே வைத்தாராம். மறுநாள் ஆபீசில் என் மேஜைக்கு வந்து நின்றாய்.

“நான் ஞானஸ்நானம் வாங்குன கோயில்டி அது. அந்தச் செவுத்துல ஒரு டப்பா கீதுன்னு எனக்குத் தெரியல, எங்கியோ கீற கப்பல்காரனுக்குத் தெரிஞ்சிகீது. இன்னா அநியாயம் பாரு.”

யாராவது ஒரு டப்பாவை ஒளித்து வைத்து, இருக்கும் இடத்தைச் செயலியில் போடுவார்கள். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு அங்கேயே வைத்துவிட வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. கிடைத்தால் மஞ்சள் முகம், கிடைக்காவிட்டால் நீல முகம். திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டு ஆபீசில் வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் பெட்டி நம்பர்களை அடித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். “ஆறு நாளு பெரிய டப்பா, ஏழாவது நாளு சின்ன டப்பா. நம்ம தலையெழுத்தே டப்பாதான்டி” என்பாய்.

நெட்டுக்குப்பத்தில் நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா? யாருக்கும் தெரியாமல் தேட வேண்டும் என்பது இந்த விளையாட்டின் சட்டம். கழிமுகத்து ஓரம், ஐம்பதை நெருங்கும் இரண்டு பொம்பளைகள் குனிந்து குனிந்து படகுக் கொட்டகையைத் துழாவினால் அந்தக் குப்பம் சும்மா இருக்குமா? வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்து, “இன்னாமே தொலச்சீங்க?” என்றார். நீ கொஞ்சமும் யோசிக்காமல் “கம்மல்” என்றாய். அவ்வளவுதான். “அல்லாரும் வாங்கமே, பாவம் கம்மல் பூட்ச்சாம்” என்று அவர் கூப்பிட, வீட்டுக்கு ஒருவராக வந்து மணலைச் சலிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உன் இரண்டு காதிலும் கம்மல் மின்னிக்கொண்டிருந்தது. சேலைத் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டு, அந்தச் சந்தடியிலும் டப்பாவைக் கண்டுபிடித்து, கம்மல் கிடைத்துவிட்டது என்று சொல்லி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாய்.

உன் கண்ணுக்குத் தப்பியது குறைவு. சென்னையில் இந்த விளையாட்டு ஆடுகிற பத்துப் பதினைந்து பேருக்கும் அது தெரியும். தப்பியபோது நீ மறைக்கவும் மாட்டாய். காட்டுப்பள்ளிச் சாலையில் லாரிப் புழுதியில் ஒரு மத்தியானம் முழுக்கத் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குத் தலைவலி. “கெடைச்சிச்சின்னு போட்டுட்டுப் போலாம்டி, யாரு பாக்கப் போறா” என்றேன். நீ என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

“பொய் எய்தறதுன்னா வூட்ல குந்திகினே எய்தலாமே. இம்மாந்தூரம் இன்னாத்துக்கு வந்தோம்?”

அங்கேயே லாரி ஓரமாக நின்று, நீல முகத்தை வைத்து, கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டுத்தான் பஸ் ஏறினாய்.

அப்புறம் என் வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனார். விருத்தாசலத்தில் அப்பா வழி மனை இருக்கிறது, வீடு கட்டிக்கொண்டு போய்விடலாம் என்றார். அவருக்கு அது சொந்த ஊர். எனக்கு நாலு கல்யாணத்துக்கு வந்துபோன ஊர். லாரியில் சாமான் ஏற்றும்போது நீ ஏணியைப் பிடித்துக்கொண்டு, “டப்பா எத்தினி கீதுன்னு போய்ப் பாத்துட்டு சொல்லு” என்றாய். வந்த அன்றே பார்த்தேன். செயலியின் வரைபடத்தில் ஆறு இருந்தது, ரயில் பாதை இருந்தது, டப்பா மட்டும் ஒன்றுகூட இல்லை. பக்கத்து ஊர்களிலும் இல்லை.

இந்த ஊர்க்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. என்னை மெட்ராஸ்காரம்மா என்பார்கள், மரியாதையாகத்தான் பேசுவார்கள். ஆனால் தெருவில் குனிந்து எதையாவது தேடினால் என்ன தொலைத்தாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஜன்னலுக்குள்ளிருந்து பார்ப்பார்கள். சாயங்காலம் இவரிடம், “அம்மாவுக்கு ஏதாச்சும் ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?” என்று விசாரிப்பார்கள். நான் தேடுவதை விட்டுவிட்டேன். தேடவும் ஒன்றுமில்லை. நாலைந்து மாதம் சமைத்தேன், தூங்கினேன், டிவி பார்த்தேன். ஒருநாள் பொறுக்காமல் ஒரு குட்டி எவர்சில்வர் டப்பாவில் காகிதம் வைத்து, ஸ்டேஷன் பக்கத்தில் பாழடைந்து கிடக்கும் பழைய குட்ஷெட் மேடையின் கல் இடுக்கில் நானே ஒளித்து வைத்து, இடத்தைச் செயலியிலும் போட்டேன். வைத்துவிட்டு வீட்டுக்கு வந்ததும்தான் உறைத்தது. ஒளித்தவளே தேட முடியாது. இதற்கு இன்னொரு ஆள் வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே காலை வண்டியில் வந்து இறங்கினாய். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் காசிமேட்டு இறால், ஐஸ் உருகிச் சொட்டச் சொட்ட. “கம்பார்ட்மென்ட்டுல அல்லாரும் மூக்கப் புட்ச்சிகினாங்கடி” என்றாய். வீட்டுக்குக்கூட வராமல் நேராக குட்ஷெட்டுக்குப் போய்த் தேடினாய். கிடைக்கவில்லை. எனக்கே ஆச்சரியம், கொஞ்சம் பெருமையும்கூட. நீல முகம் போட்டாய். வீட்டுக்கு வந்து இறால் தொக்கு செய்து சாப்பிட்டு, ஃபேனுக்கு அடியில் பாயைப் போட்டு, ஆபீசில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரைக்கும் சொல்லி முடித்து, சாயங்கால வண்டிக்குக் கிளம்பினாய். அந்த வாரம் முழுக்க எனக்கு வீடு வீடாக இருந்தது.

இரண்டாவது முறை வந்தபோது நான் மேடைக்கு மேலே நின்றிருந்தேன், நீ கீழே. கல் இடுக்கில் கையை விட்டாய். உன் மோதிரம் எவர்சில்வரில் பட்டு ‘டிங்’ என்று ஒரு சத்தம். தெளிவாகக் கேட்டது. வாயைத் திறந்து கத்தப் போனேன். நீ கையை வெளியே எடுத்தாய். வெறுங்கை. மண்ணைத் தட்டிவிட்டு, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் என்னை அண்ணாந்து பார்த்தாய்.

“இல்லடி. இந்த வாட்டியும் மாட்டல. அட்த்த மாசம் வர்றேன்.”

கத்த வந்ததை விழுங்கிக்கொண்டேன். முதல் முறை நிஜமாகவே கிடைக்கவில்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டாவது முறை கிடைத்தது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது உனக்குத் தெரியுமா, அதையும் நான் கேட்கவில்லை. கண்டுபிடித்த டப்பாவைத் தேடி யாரும் இரண்டாம் தடவை வருவதில்லையே. நம் பக்கத்தில் சாவுக்கும் கல்யாணத்துக்கும்தான் ரயில் ஏறுவோம். சும்மா ஒருத்தியைப் பார்க்கப் போகிறேன் என்றால் நீ இருந்த உன் தம்பி வீட்டில் என்ன சொல்வாய், நீயே உனக்கு என்ன பதில் சொல்லிக்கொள்வாய்? டப்பா கிடைக்கவில்லை, போய்த் தேடப் போகிறேன் என்றால் பைத்தியம் என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

மாதம் ஒருமுறை வந்தாய். மழையிலும் வந்தாய். போகப் போக குட்ஷெட்டில் நின்று தேடுகிற நேரம் குறைந்தது, அந்த இடுக்குப் பக்கம் மட்டும் உன் கை போகவே போகாது. இவர்கூட, “இன்னுமாம்மா கெடைக்கல? நான் வேணா வந்து தேடிக் குடுக்கட்டுமா?” என்று கிண்டல் செய்வார். “நீங்க சும்மா கெடங்கண்ணே, நான் ஒரு கை பாக்காம வுட மாட்டேன்” என்பாய். சென்னைக் கூட்டாளிகள் உன்னை விடவில்லை என்று தெரியும். கிழவிக்குக் கண் போய்விட்டது என்று குரூப்பில் போட்டுக் கேலி செய்தார்கள். ஒரு டப்பாவையும் விடாதவள் என்று பேர் வாங்கியவள் நீ. “வயசாய்ட்ச்சிப்பா, இன்னா பண்றது” என்று அதற்கும் பதில் போட்டாய். பொய் எழுதுவதற்காகவே அவ்வளவு தூரம் ரயிலில் வந்தாய்.

ஒரு திங்கட்கிழமை காலை உன் தம்பி போன் செய்தான். தூக்கத்திலேயே போய்விட்டாயாம். அதற்கு முந்தின ஞாயிறு நீ இங்கே வந்திருக்க வேண்டியது, கால் வலி என்று தள்ளிப்போட்டாய். நான் சென்னை வந்து சேர்ந்தபோது உன்னைப் பெட்டியில் வைத்திருந்தார்கள். கல்லறையில் நம் விளையாட்டுக் கூட்டாளிப் பெண் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் உங்க டப்பா மட்டும் அவங்களுக்கு மாட்டவேயில்லயே ஆன்ட்டி” என்று அழுதாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

நேற்று இரவு வெகுநேரம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டப்பாவின் சொந்தக்காரி நான், யார் எழுதியதையும் என்னால் அழிக்க முடியும். அவருடைய மஞ்சள் முகத்தை அழித்துவிட்டால் நீ போனபோது இருந்த மாதிரியே இருக்கும். ஆனால் அவர் தேடினார், கிடைத்தது, உள்ளதை எழுதினார். உன் சட்டப்படி பார்த்தால் அது இருக்க வேண்டும், அழிக்க வேண்டியது நீ எழுதியதைத்தான். இன்னொன்றும் செய்யலாம். உள்ளதைச் சொல்லிவிடலாம். ‘அவளுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது, உங்களுக்குத் தெரியாது’ என்று எழுதினால் உன்னைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். அப்படியே எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன். திரும்ப எழுதினேன்.

இன்று காலை குட்ஷெட்டுக்குப் போனேன். நீ போனபிறகு அந்த டப்பாவை நான் தொடவில்லை. நீ வந்துகொண்டிருந்தபோதும் திறந்து பார்த்ததில்லை, பார்க்கக் கூடாது என்று இருந்தேன். எனக்குத் தெரியாமல் ஒரு தடவையாவது கையெழுத்துப் போட்டிருப்பாய், உன் எழுத்தை ஒருமுறை பார்க்கலாம் என்று ஆசையோடு திறந்தேன். பெங்களூர்க்காரரின் பெயர் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வெள்ளைக் காகிதம். பொய் சொன்னாலும் ஒழுங்காகச் சொல்லியிருக்கிறாய். அந்த மேடையில் உட்கார்ந்து நன்றாக அழுதுவிட்டு, டப்பாவைத் துடைத்துத் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

வந்து அந்த மனிதருக்குப் பதில் எழுதினேன். தேடிவந்ததற்கு நன்றி, நீங்கள் கண்ணாடி வாங்கித் தரச் சொன்னவர் என் தோழி, இப்போது உயிரோடு இல்லை என்று. மனிதர் பதறிவிட்டார். மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா, தெரியாமல் எழுதிவிட்டேன், உடனே எடுத்துவிடுகிறேன் என்றார். கண்ணாடி சங்கதியை மட்டும் எடுத்தால் போதும், மஞ்சள் முகம் இருக்கட்டும் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கேள்வி அனுப்பினார்: “கடைசி வரைக்கும் அவங்களுக்குக் கிடைக்கவே இல்லையா?”

நீ என்னிடம்கூடச் சொல்லாத ஒன்றை ஊர் பேர் தெரியாதவரிடம் சொல்லி உன்னைக் கெட்டிக்காரியாக்க எனக்கு மனசு வரவில்லை. எனக்காக நீயே கெடுத்துக்கொண்ட பேர் அது.

“இல்லை. ஒவ்வொரு மாதமும் வந்து தேடினார். கிடைக்கவில்லை” என்று எழுதி அனுப்பினேன். “அய்யோ பாவம்” என்று பதில் வந்தது. நான் திருத்தவில்லை.

எனக்காக ஒருத்தி மாதாமாதம் ரயிலேறி வந்து தோற்றுவிட்டுப் போனாள். இதை இந்த ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னாலும் புரியாது. நான் மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது போதவில்லையடி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை வண்டி வந்து போய்விட்டது. வீட்டுக்கு யாரும் வரவில்லை.