நாலாக மடித்த சுப்ரா

பதுளை,
1912 ஜூலை 14.

காலியில் இருக்கும் என் மூத்த மகள் றஷீனாவுக்கு, பதுளைக் கடைவீதி வீட்டிலிருந்து உம்மா ஸைனப் ஸலாம் சொல்லி எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் நாங்கள் சுகம். உன் சுகத்தையும் அவனிடமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். எப்போதும் வாப்பாதான் உனக்குக் கடிதம் எழுதுவார். இந்த முறை நானே எழுதுகிறேன். எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்.

இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட துணி மத்தியானத்துக்குள் காய்ந்துவிடுகிறது. தையல் வேலைக்கும் குறைவில்லை. கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டப் பங்களாவில் சமைக்கும் முருகையா வந்திருந்தார். விருந்துக்கு விரிக்கும் வெள்ளைத் துணி துரைசானியிடம் நிறைய இருக்கிறதாம். அன்றாடம் சாப்பிடும் மேசைக்குத்தான் திண்டாட்டம். சூடான பாத்திரம் பட்ட இடமெல்லாம் பலகையில் வெள்ளைத் தழும்பு விழுகிறதாம். நாம் கீழே விரித்துச் சாப்பிடுகிற சுப்ராவைப் போலவே தடிப்பாக ஒரு மேசைவிரிப்பு வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். உன் தங்கச்சி லரீபா கோடு போட்டுத் தந்தாள், நான் தைத்தேன். ஆனால் நடுவில் வைக்கும் பழைய கம்பளியை முதலில் வெந்நீரில் நனைத்தெடுக்க அவள் மறந்துவிட்டாள். முதல் சலவையிலேயே எல்லாம் சுருங்கிப் போய், முழுதையும் பிரித்துத் தைக்கிறோம். மூத்தவள் ராத்தா இருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அவளே சொன்னாள்.

காலியிலிருந்து வந்த மொஹிதீன் மாமா உன் பொதியைக் கொண்டுவந்து தந்தார். உன் கலியாணத்துக்கு நான் தைத்துத் தந்த சுப்ரா. தையல் விட்டுப்போயிற்று, தைத்து அனுப்புங்கள் உம்மா என்று சொல்லிவிட்டிருந்தாய். நாலைந்து பங்களாக்களுக்குத் தைத்த கை உன்னுடையது. விட்டுப்போன தையலை ஏன் இவ்வளவு தூரம் அனுப்பினாய் என்று யோசித்துக்கொண்டே விரித்தேன். குடும்பம் முழுதும் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவதற்கென்று தைத்தது அது. அதை யாரோ நாலாக மடித்தே வைத்துப் பழகியிருக்கிறார்கள். துணி முழுதும் அவித்து அவித்துச் சாயம் போயிருக்கிறது. ஆனால் மஞ்சள் கறை ஒரு கால்பங்கில் மட்டும்தான். மற்ற இடத்தில் ஒரு பருக்கை பட்ட அடையாளம்கூட இல்லை. முகர்ந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி மருந்து வாசம் வந்தது.

மாமாவிடம் கேட்டேன். பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறாள் என்றார். துணியை அவர் மடியில் போட்டு, இதில் யார் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டேன். "றஷீனா இருமுறா, தங்கச்சி. சோறு பின்னறையில தனியா வெக்கிறாங்க. உம்மாட்ட சொல்லிராதீங்க மாமான்னு என்ட கையப் புடிச்சிக்கிட்டா" என்றார். சளியில் இரத்தம் வருகிறதா என்று கேட்டேன். அவர் எழுந்து, தொழுகைக்குக் கைகால் கழுவி வுளூச் செய்யப் போய்விட்டார்.

உன் மாமியாரை நான் குறை சொல்லவில்லை மகளே. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர் பயப்படத்தான் செய்வார். மாப்பிள்ளை ஸலீம் மேலும் எனக்குக் கோபம் இல்லை. நீ சாப்பிடும்போதெல்லாம் அவர் அறை வாசற்படியில் வந்து உட்கார்ந்திருப்பார் என்று மாமா சொன்னார். உள்ளே வர அவருக்கு அனுமதி இல்லை, எழுந்து போகவும் மனம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல கூலி கொடுக்கட்டும். ஆனால் நீ அந்த அறையில் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைவதை நினைத்தால் எனக்கு இங்கே ஒரு கவளமும் இறங்குவதில்லை. அந்தச் சுப்ராவை நான் தைத்து அனுப்பப் போவதில்லை.

உன் வாப்பாவிடம் சொன்னேன். உன்னைக் கூட்டி வர வேண்டும் என்றேன். அவர் கடைக் கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதார். அழுது முடித்து, "லரீபாவுக்கு பண்டாரவளைல கலியாணம் பேசி இரிக்கிறோமே ஸைனப், இது தெரிஞ்சா அவங்க வருவாங்களா?" என்று கேட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு மகள்களுக்கும் தகப்பன் அவர். லரீபா அடுத்த அறையில்தான் இருந்தாள், எல்லாம் கேட்டிருப்பாள். தையல் சாமான் வைத்திருந்த அறையை ஒழித்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கிவிட்டாள். வாப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். அஸர் தொழுதுவிட்டு வந்து, உன்னைக் கூட்டி வரப் பண்டாரவளை ஸ்டேஷனுக்கு எந்த வண்டிக்காரனைப் பேசலாம் என்று என்னிடம் கேட்டார்.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் மாமாவிடமே கொடுத்து அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்கும் வாசித்துக் காட்டு. அவர் சம்மதத்தோடு, மாமாவுடன் ரயிலேறி வா. கொழும்பில் ஓர் இரவு தங்கி இளைப்பாறி வாருங்கள். பண்டாரவளை ஸ்டேஷனில் வாப்பா கூண்டுவண்டியோடு நிற்பார். மாப்பிள்ளைக்கு மனம் இருந்தால் அவரும் வரட்டும், நம் வீட்டில் வாசற்படியில் உட்கார வேண்டியதில்லை. நீ சாப்பிடும் பாத்திரத்தை இங்கேயும் வெந்நீரில்தான் கழுவுவேன், அதில் உனக்கு வருத்தம் வேண்டாம். ஆனால் நீ சாப்பிடும்போது பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். வேண்டாம் என்று நீ சொன்னாலும் எழுந்திருக்க மாட்டேன்.

அடுத்த மாதம் நோன்பு வருகிறது. இந்த வருஷம் நீ நோன்பு பிடிக்க வேண்டாம். அடுத்த வருஷம் பிடித்துக்கொள்ளலாம். உன்னைப் படைத்தவன் உனக்கு அந்த வருஷத்தையும், அதற்கு அடுத்த வருஷத்தையும் தர வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கையேந்திக் கேட்கிறேன். வந்துவிடு மகளே, சுணங்காமல் வந்துவிடு.

உன்னைப் பெற்ற
உம்மா ஸைனப்.