டட்சனுக்குப் போட்ட சின்ன மோட்டர்

மேல் டிவிஷன்,
எட்டியாந்தோட்டை.
ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் தனுஜாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, பிரஷர் மருந்தைத் தவறாமல் போடுகிறேன், ஆகையால் சுகம் என்றே எழுதுகிறேன். நீயும் அந்தக் குளிர் ஊரில் காய்ச்சல் தடிமன் இல்லாமல் இருக்க முருகன் துணையிருப்பான். போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ நான் சொல்வதைக் கேட்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறாய். பார்த்துவிட்டு, அம்மா சரியில்லை, வேலையை விட்டுவிட்டுச் சித்திரைக்கு வந்துவிடுகிறேன் என்கிறாய். என் முகத்தில் இப்போது எதுவும் ஓடுவதில்லை என்பது எனக்கும் தெரியும், கண்ணாடியில் பார்த்தேன். அதற்காக ஜப்பானில் நீ பார்க்கிற வேலையையும் படிக்கிற பரீட்சையையும் பாதியில் போட்டுவிட்டு வரவேண்டியதில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், முழுவதும் வாசித்துவிட்டு முடிவெடு.

அப்பா போய்க் கருமாதியும் முடிந்த பிறகு டட்சன் கார் சும்மா நின்றால் துருப்பிடிக்கும் என்று நானே ஓட்டத் தொடங்கியது உனக்குத் தெரியும். இங்கே மேலே வரும் பஸ் காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று, மழை நாளில் த்ரீவீல்காரர் ஏற மாட்டேன் என்கிறார்கள், லைசன்ஸ் எடுத்து இத்தனை வருடம் பெட்டியில் வைத்திருந்தது அப்போதுதான் உதவியது. காரில் ஒரே தொல்லை ஸ்டார்ட்டர். அப்பா மலையேற்றக் கார்ப் போட்டிக்காக மாற்றிப் போட்ட புகைக்குழாய் அதை ஒட்டிப் போகிறது, இன்ஜின் சூடாகிவிட்டால் ஸ்டார்ட்டர் டக் என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் படுத்துவிடும், ஆறும் வரை எழும்பாது. அப்பா அதற்காக ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இறக்கத்தைப் பார்த்து நிறுத்துவார், முன்சக்கரத்துக்குக் கட்டை வைப்பார், கிளம்பும்போது தோளைக் கொடுத்துக் காரை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளுவார், நான் கட்டையை இழுப்பேன், அவர் ஓடி ஏறிச் செகண்ட் கியரில் விடுவார், இறக்கத்தில் உருளுகிற வேகத்திலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். சூடோ குளிரோ, அந்தக் காரை எடுப்பது என்றால் வீட்டில் எங்களுக்கு அதுதான் முறை. இப்போது ஆசனத்தில் நான் உட்கார்ந்தால் கட்டையை இழுக்க ஆள் இல்லை. அதனால் பக்கத்து வீட்டு இருளாயி வந்தாள். காரைப் பின்னுக்குத் தள்ள கீழ்வீட்டுச் சின்னத்தம்பியும் அவருடைய மருமகனும் வந்தார்கள். காரை அனுப்பிவிட்டுப் போகிறவர்கள் அல்ல, முன்னதாகவே வந்து தேத்தண்ணி குடித்து, தோட்டத்துச் செய்தி எல்லாம் பேசி, பிறகுதான் தள்ளுவார்கள். இருளாயி கட்டையைக் கையில் வைத்துக்கொண்டே முன்சீட்டில் ஏறி வளைவு வரை வந்து இறங்கிக்கொள்வாள். ரப்பர் பால் வெட்டுகிற காலத்திலேயே கார் ஏற ஆசைப்பட்டவள் என்று சொல்வாள்.

அப்படி இருக்கும்போதுதான் கேகாலைக்கு மருந்து வாங்கப் போனேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன், அங்கே எல்லாம் சமதரை. மருந்தோடு திரும்பி வந்து சாவியைத் திருப்பினால் டக். வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பஸ் கண்டக்டர்கள் மூன்று பேர் பார்த்துவிட்டு வந்து தள்ளினார்கள், நல்ல பிள்ளைகள், சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். கார் கிளம்பியதும் ஒருவன் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓடிவந்து, "கெதர கவுருத் நெத்த அம்மே?" என்று கேட்டான். வீட்டில் ஒருவரும் இல்லையா என்று. "நெஹெ" என்றேன், இல்லை என்று. சிங்களத்தில் கேட்டான், சிங்களத்திலேயே சொல்லிவிட்டேன். தமிழில் அதுவரை யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு நீ எனக்குப் போன் எடுத்தபோது கண்டக்டர்கள் தள்ளிய கதையை ஒரு செய்தியாகத்தான் சொன்னேன். நீதான் அழுதாய், வருகிறேன் என்றாய், மறுநாளே உன் மேற்பார்வையாளரிடமும் சொல்லிவிட்டாய். ஒரு ஸ்டார்ட்டர் வேலை செய்யாததற்காக ஒரு பிள்ளை நாடு திரும்பக்கூடாது என்று நினைத்து அந்த வாரமே பளீலிடம் போனேன்.

பளீலை நினைவிருக்கும், அப்பாவோடு போட்டிகளுக்குப் போய் டயர் மாற்றியவர், இப்போது டவுனில் சொந்தக் கராஜ் வைத்திருக்கிறார். பழையதைத் திருத்த வேண்டாம், பிந்திய மாடல் ஒன்றின் சின்ன ஸ்டார்ட்டர் இதற்குப் பொருந்தும் என்று சொல்லி கொழும்பு பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடைகளில் இருந்து ரீகண்டிஷன் மோட்டர் ஒன்று எடுத்துவந்தார். நான் வாங்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் பெட்டரியின் எர்த் வயரைக் கழற்றினார், பிறகு காருக்குக் கீழே போய்ப் பழையதை இறக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். வந்து, "மிஸி, இது மோட்டரா அம்மிக்கல்லா? இத வெச்சிக்கொண்டா அண்ணன் மலையேறி ஓடின?" என்றார். போட்டிக்குப் பாரம் குறைக்க அப்பா பின்சீட்டைக் கழற்றினார், கதவின் உள்தகட்டைக் கழற்றினார், நீ சாக்கின் மேல் உட்கார்ந்துதான் பள்ளிக்கூடம் போனாய், ஆனால் இதை மட்டும் தொடவில்லை. இறக்கம் இருக்கும்வரை இதை நினைக்க அவருக்குத் தேவை வரவில்லை. பளீல் இரண்டையும் என்னிடம் கைக்கொன்றாகத் தந்தார். தோட்டத்து மருத்துவிச்சி மிஸியாக இருந்து எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி, தராசில் வைக்கும் முன்பே நிறை சொன்ன கை இது. புதியது நன்றாகப் பிறந்த ஒரு பிள்ளையின் நிறை, மூன்றரைக் கிலோ இருக்கும். பழையது இரட்டைப் பிள்ளைகளுக்கும் மேல். சின்ன மோட்டர் உள்ளே வேகமாகச் சுற்றுமாம், அதன் பக்கத்தில் ஒரு பல்சக்கரம் அந்த வேகத்தை வாங்கிப் பலமாக மாற்றி இன்ஜினுக்குக் கொடுக்குமாம், கரண்டும் குறைவாகத்தான் இழுக்குமாம். பல்லை எண்ணிப் பார்த்தார், இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை. மூக்குப் பகுதி கியர்பாக்ஸில் கொஞ்சம் இடித்தது, மெல்லிய தகடு ஒன்றை வெட்டி இடையில் வைத்து இறுக்கினார். வயர் நீளம் காணாமல் புதிதாக இழுத்தார். புகைக்குழாய்க்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவில் இப்போது என் நாலு விரலும் போகும். ஹேண்ட்பிரேக்கையும் இறுக்கித் தந்தார். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி நிறுத்தி, கொஞ்ச நேரம் விட்டு, நீங்களே போடுங்க என்று சாவியைக் கொடுத்தார். விர் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. பளீல் அந்தப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் வரவில்லை. கை கழுவ சவர்க்காரம் எங்கே என்று கேட்டேன்.

மறுநாள் காலையில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். செய்துவிட்டு இன்ஜின் ஓட ஓட அப்படியே உட்கார்ந்திருக்கிறேன், இருளாயி வந்து கட்டையை எடுக்கட்டும் என்று. பழக்கம் அப்படி. ஒருவரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் அவள் தன் வேலியடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். "இனி ஒங்களுக்கு ஆளு எதுக்குங்க மிஸி, அதான் சாவி இருக்கே" என்றாள். நான் காரைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து, இறங்கி, கட்டையை நானே எடுத்துப் போட்டுவிட்டுப் போனேன். அன்றிலிருந்து யாரும் வரவில்லை. சின்னத்தம்பி ரோட்டில் கண்டால் தலையை ஆட்டுவார், நிற்க மாட்டார். அவரை வீட்டுக்கு வாங்க என்று கூப்பிட்டேன், "வேலை ஒன்னும் இல்லையேங்க" என்றார். அப்போதுதான் எனக்குக் கணக்கு விளங்கியது. கருமாதி முடிந்த வீட்டுக்குள் சும்மா வந்து உட்கார யாருக்கும் கால் வராது, ஒரு சாட்டு வேண்டும். கார் அந்தச் சாட்டாக இருந்தது. ஆட்களுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று நான் செய்தேன், வராதே என்று சொன்னதாக அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். தேத்தண்ணிக்கு நாலு கிளாஸ் எடுத்து வைத்து, மூன்றைத் திரும்ப வைத்தேன். வருத்தம் என்று சொல்ல முடியாது. வீடு சத்தமில்லாமல் இருந்தது, நானும் இருந்தேன்.

போன புதன்கிழமை இருளாயிக்குக் கேகாலையில் சீனி வியாதிக் கிளினிக். பஸ்ஸுக்கு நின்றாள். நான் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினேன். "பஸ்ஸுக்கு நிக்கிறேன்" என்றாள். இதுவும் கேகாலைக்குத்தான் போகுது என்றேன். "பஸ்ஸுன்னா பேச நாலு பேரு இருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். கரவனெல்ல பாலம் வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு தொடங்கினாள். "மாத்தப்போறேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? நாங்க வேணாம்னா சொல்லியிருப்போம்? எழவு வூட்டுக்குச் சும்மா எப்புடிங்க வர்றது? அந்தக் கட்டைய சாக்கா வச்சித்தான் நான் ஒங்க மொகத்தப் பாத்துட்டுப் போனேன்." நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். கொஞ்சத் தூரம் போய் அவளே சிரித்தாள். "அண்ணே இருந்திருந்தா இந்தக் குட்டி மோட்டரத் தூக்கி ஆத்துல வீசியிருப்பாரு" என்றாள்.

திரும்பும்போது ருவன்வெல்லவில் பேக்கரியடியில் பாண் வாங்க நிறுத்தினேன். சமதரை, இன்ஜின் நல்ல சூடு. இருளாயி பாணை வாங்கிவந்து ஜன்னலால் என்னிடம் தந்துவிட்டு, ஏறாமல் பின்னால் போனாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு டிக்கியில் இரண்டு கையையும் வைத்துவிட்டாள். இருளாயி, அது தானாக ஸ்டார்ட் ஆகும் என்றேன். "தெரியும், நீங்க போடுங்க மிஸி" என்றாள். சாவியைத் திருப்பினேன், உடனே பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன், அவள் கையை எடுக்கவில்லை. ஃபர்ஸ்ட் கியரில் கிளச்சை மெதுவாக விட்டேன், ஆள் நடக்கிற வேகத்தில். கடைக்காரர்கள் கைதட்டிச் சிரிக்க, அவள் அடுத்த மதகு வரை தள்ளிக்கொண்டே வந்தாள். நானும் தள்ளவிட்டேன். மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்து, "இப்பத்தான் ஒழுங்கா ஸ்டார்ட் ஆகியிருக்கு" என்றாள். ஆமாம் என்றேன். அன்றும் நான் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து அவளுக்கும் ஒரு கோப்பை வைத்து இரண்டு பேரும் பாணும் சம்பலும் சாப்பிட்டோம். சம்பலில் உப்புக் கூடிப்போயிருந்தது. அது எனக்குத் தெரிந்தது.

இதுதான் நடந்தது மகள். கார் எந்தச் சூட்டிலும் கிளம்புகிறது, கேகாலைக்கும் எட்டியாந்தோட்டைக்கும் நானே போய் வருகிறேன், அதில் நீ பயப்பட ஒன்றும் இல்லை. அப்பா இல்லாதது அப்படியே இருக்கிறது. அதை நீ வந்து உட்கார்ந்தாலும் திருத்த முடியாது, இரண்டு பேராக இருந்து பார்த்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். ஆகையால் உன் மேற்பார்வையாளரிடம் போய், இங்கேயே நின்று வேலை செய்கிறேன் என்று சொல். பரீட்சையை எழுதி முடி. அதற்குப் பிறகு லீவில் வா, இருக்க ஆசைப்பட்டால் அப்போது பேசுவோம். பழைய மோட்டரை விற்கவில்லை, சாக்கில் சுற்றி அப்பாவின் அலுமாரிக்குக் கீழே வைத்திருக்கிறேன், ஏன் என்று கேட்காதே.

நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே நீ தூக்கி இறக்குகிற வயதானவர்களை முழங்காலை மடித்துத் தூக்கு, இடுப்பைக் கொடுத்துத் தூக்காதே. நீ தொட்டது எல்லாம் நல்லபடியாக வரட்டும், நோய்நொடி உன் பக்கம் அண்டாமல் இருக்கட்டும், அப்பாவும் நானும் கொடுக்கிற ஆசீர்வாதம் இது. இன்னும் ஒன்று, புதன்கிழமைகளில் இருட்டும் வரை எனக்குப் போன் எடுக்காதே. இருளாயி இந்த வாரம் கண் காட்ட வேண்டும் என்கிறாள், அடுத்த வாரம் சின்னத்தம்பிக்குப் பல் வலியாம். நாங்கள் ரோட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
உன் அம்மா