தேவாலயத்தில் ஒரு சைவக்காரன்

லண்டன்,
ஐப்பசி 2009

பிள்ளையின் அம்மாவுக்கு,

நான் இப்போது லண்டனில் எட்மண்டன் என்ற பகுதியில் ஒரு தேவாலயத்தில் இருக்கிறேன். மதம் மாறிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். திருநீறு பூசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஊரில் சண்டை முடிந்துவிட்டதாம், இனிப் பயமில்லையாம். அதனால் என் அகதி மனுவைத் தள்ளிவிட்டு என்னைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள். கொழும்பில் இறங்கினால் வீடுவரை வர விடுவார்களா என்று யாரும் சொல்கிறார்களில்லை. தேவாலயத்துக்குள் வந்து பிடிக்கமாட்டார்கள் என்று, இங்குள்ள பெண் போதகர்தான் படுக்க இடம் தந்தார்.

நேற்று குடிவரவு அதிகாரிகள் வந்தார்கள். போதகர் வாசலை மறித்து நின்று பேசினார். போய்விட்டார்கள். ஏன் உள்ளே வரவில்லை என்று எனக்கு மொழிபெயர்க்கும் கனகலிங்கம் அண்ணையிடம் கேட்டேன்.

"தேவாலயத்துக்குள்ளை வர அவைக்குச் சட்டத்திலை தடையில்லை தம்பி. வெக்கத்திலைதான் திரும்பிப் போட்டினம்."

"வெக்கப்படாத ஆக்கள் வந்தால், அண்ணை?"

அவர் தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று நான் சொன்ன அன்றைக்குப் போனில் நீர், "வராதேங்கோ" என்று அழுதீர். பக்கத்தில் நின்ற பிள்ளை, "அப்பா, வாங்கோ" என்று கத்தினாள். நான் "ஓம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அதை யாருக்குச் சொன்னேன் என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

உம்முடைய,
பிள்ளையின் அப்பா