பம்பாய் என்று சொன்ன பொய்

விழுப்புரம்
12.8.1986

அன்புள்ள தம்பி தட்சிணாமூர்த்திக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

உன் மனைவி பாஞ்சாலி நேற்று ஒலக்கூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கே வந்துவிட்டாள். "உங்க தம்பி கொல்லைக்குப் போயி இருமிட்டு, மண்ணைத் தள்ளி மூடிக்கினு வர்றாரு அண்ணி. கிளறிப் பார்த்தேன், ரத்தங்க" என்றாள். மல்லாட்டைப் பயிருக்குக் களையெடுக்க ஆள் கிடைக்கவில்லையாம். அந்த உடம்போடு நீ இறங்காதே.

நோயை ஏன் மறைக்கிறாய் என்று இப்போது புரிகிறது. ஜெயிலுக்குள்ளே உடம்பு முடியவில்லை என்றால் வேலைக்கு டிமிக்கி என்று அடிப்பார்கள் என்றாயே. ஏழு வருஷப் பழக்கம். என் வீட்டில் உன் தலையணை உறைக்குள், டாக்டர் தந்ததில் நீ விழுங்காமல் வைத்திருந்த பதினோரு மாத்திரைகளைக் கண்டு திட்டினேன். "ஜெயில்ல மாத்திரை கெடைக்கிறதே பேஜாருக்கா. ரொம்ப முடியாதப்போ போட்டுக்கலாம்னு எடுத்து வெச்சேன்" என்றாய். காட்டுமிராண்டி என்றேன். மறுநாளே ஊருக்குப் போய்விட்டாய்.

நீ போனது அந்தச் சொல்லுக்காக மட்டுமல்ல. திண்டிவனத்தில் டாக்டர், இதற்கு முன் எங்கே இருந்தாய் என்று உன்னைத்தான் கேட்டார். நீ கைகட்டி என் முகத்தைப் பார்த்தாய். என் மாணவி ஒருத்தியின் தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "பம்பாயில் மில் வேலை பார்த்தவர். இப்போது எங்கள் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார்" என்று நான் சொன்னேன். தம்பி என்று சொல்லவில்லை. பஞ்சுத் தூசிதான் காரணம் என்று அவர் இருமல் மாத்திரை எழுதினார். ஜெயிலில் உன் அறையிலேயே ஒருவர் இருமி இருமிச் செத்ததை நீ என்னிடம் சொல்லியிருந்தாய். தெரிந்தேதான் மறைத்தேன்.

இன்று காலை தனியாகப் போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். வெளியே பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன், அதையும் உன்னிடம் மறைக்க விரும்பவில்லை. "அப்பவே சொல்லியிருந்தா எக்ஸ்ரே எடுத்திருப்பேனேம்மா" என்றார். காசநோயாகத்தான் இருக்கும் என்கிறார். மருந்தை விடாமல் சாப்பிட்டால் குணமாகுமாம். ஒரு மாத்திரையைக்கூட எடுத்து வைக்கக் கூடாது.

வரும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குத் திண்டிவனம் பஸ் நிலையத்தில் நிற்பேன். வந்துவிடு. டாக்டர் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல். என் முகத்தைப் பார்க்காதே.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்: நீ நூறு வயது இருக்க வேண்டும்.

உன்னோடு பிறந்த அக்கா,
அம்சவள்ளி